'அப்புறம் வா': கெர்னல் டிரைவர்களின் தொடக்க வரிசையும் அதற்கு நாம் கொடுக்கும் விலையும்

ஒரே ஒரு சொல்லை மாற்றும் பேட்ச். டிரைவரின் கடைசி வரியில் 'மாட்யூல் இனிட்' என்று இருந்தது 'சப்சிஸ் இனிட்கால்' ஆகிறது, அவ்வளவுதான். அதுவரை பூட் ஆனபின்னும் உயிரற்றுக் கிடந்த டச் ஸ்கிரீன் இப்போது விரல் பட்டதும் வேலை செய்கிறது. பிழை தீர்ந்தது என்று குறிப்பெழுதி அனுப்பியும் ஆயிற்று. லினக்ஸ் கெர்னலில் டிரைவர் வேலை பார்ப்பவர்கள் இப்படியொரு பேட்சைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது; பலர் எழுதியும் இருப்பார்கள். சாதனங்களைத் தொடங்கிவைக்கும் வரிசையைச் சரிசெய்ய இருக்கும் வழிகளில் இதுதான் மலிவானது. மலிவானது என்பதாலேயே இன்னும் ஒழியவில்லை.

இதற்கு மாற்றாக 2012-இல் வந்த 'ஒத்திவைத்த ப்ரோப்' முறையை எடைபோடுவதே இந்தக் கட்டுரையின் வேலை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெர்னலுக்குக் கிடைத்த நல்ல வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் 'எது முதலில், எது பிறகு' என்பதை அறிந்து வைத்திருக்கும் பொறுப்பை அது யார் கையிலும் கொடுக்காமல் விட்டுவிட்டது. பின்னால் வந்த திருத்தங்களில் பெரும்பாலானவை அந்தப் பொறுப்பை யாரிடமாவது ஒப்படைக்கும் முயற்சிகள்தான்.

வரிசை ஏன் இவ்வளவு பெரிய சிக்கல் ஆகிறது? அதே டச் ஸ்கிரீனை எடுத்துக்கொள்வோம். அதன் சிப்புக்கு மின்னழுத்தம் தருவது ஒரு ரெகுலேட்டர். அந்த ரெகுலேட்டர் இருப்பது மின் மேலாண்மைச் சிப்பான பிஎம்ஐசிக்குள். பிஎம்ஐசியோடு பேச ஐ2சி பஸ் வேண்டும். பஸ் கண்ட்ரோலருக்கு கிளாக் வேண்டும், அதன் கால்கள் சரியான வேலைக்குத் திருப்பிவிடப்பட்டிருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தயாராகாவிட்டாலும் மேலே உள்ள எல்லாம் நின்றுபோகும். சில ஆர்ம் சிப்களில் நிலைமை இன்னும் மோசம்: கிளாக் ஓடாத ஒரு தொகுதியின் ரெஜிஸ்டரைப் படிக்கப் போனால் பிழை என்று பதில்கூட வராது, பஸ்ஸே உறைந்து போர்டு மௌனமாகிவிடும். மேசைக் கணினியில் இந்த வேலைகளில் பெரும்பகுதியை பயாஸும் ஏசிபிஐயும் நம் கண்ணில் படாமல் முடித்துவிடுகின்றன. கைபேசியிலும் தொழிற்சாலைப் போர்டுகளிலும் அந்தத் திரை மிக மெல்லியது.

மேசைக் கணினியும் எப்போதும் சுகமாக இருந்ததில்லை. ஐஎஸ்ஏ கார்டுகளின் காலத்தில் ஒரு கார்டு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள டிரைவர்கள் ஏதாவதொரு போர்ட்டில் எழுதிப் பார்ப்பார்கள். அங்கே இருப்பது வேறு கார்டாக இருந்தால் அது மிரண்டு கணினியையே தொங்கவிடும். குறிப்பிட்ட போர்ட்டுகளைத் தொடாதே என்று கெர்னலுக்குச் சொல்லும் 'ரிசர்வ்' என்ற பூட் அளவுரு அந்தக் காலத்தின் மிச்சம்.

கெர்னலின் முதல் விடை ஏணிப்படி. தொடக்க வேலைகளை 'இனிட்கால்' எனப்படும் படிகளாகப் பிரித்து, 0 முதல் 7 வரை எண்ணிட்டு, கீழிருந்து மேலாக ஓட்டுவது. கோர், ஆர்ச், சப்சிஸ், ஃபைல்சிஸ்டம், டிவைஸ், லேட் என்று போகும் அந்தப் படிகளில், கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்ட சாதாரண டிரைவர் ஆறாவது படியில் நிற்கும். ஒரே படியில் பல டிரைவர்கள் நின்றால் எது முந்தும் என்பதைத் தீர்மானிப்பது மேக்ஃபைலில் அவை எழுதப்பட்டிருக்கும் வரிசை. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. டிரைவர்கள் கோப்புறையின் மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள்: ஜிபிஐஓ, பின் கண்ட்ரோலுக்குப் பிறகுதான் வர வேண்டும், ரெகுலேட்டர்களை முன்னாலேயே போடு, மற்றவை அவற்றை நம்பியிருக்கின்றன, இந்தப் பொருளில் குறிப்புகள் இன்றும் அங்கே இருக்கின்றன. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமாப் சிப்புக்கான ஐ2சி டிரைவர் நான்காவது படிக்கு இறக்கப்பட்டிருக்கிறது. மற்ற டிரைவர்களை எழுப்ப ஐ2சி தேவைப்படலாம் என்று பக்கத்திலேயே காரணமும் எழுதியிருக்கிறார்கள்.

இந்த முறையை எள்ளி நகையாடுவது எளிது, ஆனால் அதற்குரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். அது கணிக்கத்தக்கது. இன்று பூட் ஆன வரிசையிலேயே நாளையும் பூட் ஆகும். கோளாறு வந்தால் ஒரே இடத்தில் தேடலாம். ஒரே போர்டு, ஒரே சிப், மாட்யூல் எதுவும் இல்லை என்ற நிலையில் இதைவிடச் சிக்கனமான வழியும் இல்லை.

அது உடைவது இரண்டாவது போர்டில். ஒரு போர்டில் ஜிபிஐஓ கால்களே ஐ2சி பஸ்ஸில் தொங்கும் ஒரு விரிவாக்கச் சிப்பிலிருந்து வருகின்றன. அங்கே ஐ2சி முந்த வேண்டும். இன்னொரு போர்டில் ஐ2சி பஸ்ஸையே இரண்டு ஜிபிஐஓ கால்களை ஆட்டி மென்பொருளால் ஓட்டுகிறார்கள். அங்கே ஜிபிஐஓ முந்த வேண்டும். இரண்டுக்கும் ஒரே கெர்னல். எந்த மேக்ஃபைல் வரிசை இந்த இருவரையும் திருப்திப்படுத்தும்? வரிசை என்பது டிரைவர் வகைகளுக்கு இடையே உள்ள உறவு என்று ஏணிப்படி நினைத்தது. உண்மையில் அது ஒரு குறிப்பிட்ட போர்டில் பொருத்தப்பட்ட சிப்களுக்கு இடையே உள்ள உறவு. இன்னொன்றும் உண்டு: டிரைவரை மாட்யூலாகக் கட்டினால் அந்தப் படி எண்ணுக்கே பொருள் இல்லை. முதல் பத்தியில் பார்த்த ஒரு சொல் பேட்ச் அன்றோடு செயலற்றுப்போகும். ஆண்ட்ராய்டில் எல்லாக் கருவிக்கும் பொதுவான ஒரே கெர்னலை வைத்துக்கொண்டு, நிறுவனங்களின் டிரைவர்களை மாட்யூல்களாக ஏற்றும் நடைமுறை வந்த பிறகு இது ஏட்டுச் சிக்கலாக இல்லை.

2012-இல் வெளிவந்த 3.4 பதிப்பில், கிரான்ட் லைக்லி எழுதிய ஒத்திவைப்பு முறை சேர்ந்தது. கருத்து மிக எளியது. டிரைவரின் தொடக்க ஃபங்ஷனான ப்ரோப், தனக்கு வேண்டிய ரெகுலேட்டரோ கிளாக்கோ இன்னும் வரவில்லை என்று கண்டால் 'இப்ரோப் டிஃபர்' என்ற பிழை எண்ணைத் திருப்பித் தரும், எண் 517. கெர்னல் அந்தச் சாதனத்தைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டுவிடும். வேறு எந்த டிரைவராவது வெற்றிகரமாகத் தொடங்கியதும் பட்டியலில் உள்ள அனைவரையும் மீண்டும் கூப்பிட்டுப் பார்க்கும். தாலுகா ஆபீசில் 'சார் இன்னும் வரலைங்க, அப்புறம் வாங்க' என்று சொல்வார்களே, அதேதான். வரிசையை யாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை, போய்ப் போய் வந்தால் ஒருநாள் வேலை முடிந்துவிடும்.

இதன் பலம் இந்த எளிமையில்தான். டிரைவர் எழுதுபவருக்குத் தன் சாதனத்துக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அதைத் தருவது யார், அது எந்தப் படியில் எழுந்திருக்கும், மாட்யூலா இல்லையா என்ற கவலை அவருக்கு இல்லை. ஜிபிஐஓ முந்துமா ஐ2சி முந்துமா என்ற வழக்கு தானாகவே தீர்ந்துவிடுகிறது. எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. ப்ரோப் பாதியில் திரும்பி மறுபடி ஓடுவதால், முன்பு யாரும் ஓட்டிப் பார்க்காத பிழைப் பாதைகள் ஒவ்வொரு பூட்டிலும் ஓடத் தொடங்கின. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காத டிரைவர்கள் பல அப்படித்தான் பிடிபட்டன.

இனி விலை. முதலாவது நேரம், ஆனால் அதைப் பெரிதாக்க மாட்டேன். ஒன்றையொன்று நம்பிய பத்துச் சாதனங்கள் முற்றிலும் தலைகீழ் வரிசையில் வந்தால், சுற்றுக்கு ஒன்று மட்டுமே தேறி, மொத்தம் 55 முறை ப்ரோப் ஓடும். நடைமுறையில் அவ்வளவு மோசமான வரிசை அரிது.

மௌனம்தான் உண்மையான விலை. 'இன்னும் வரவில்லை' என்பதற்கும் 'ஒருபோதும் வராது' என்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த முறைக்குத் தெரியாது. கெர்னல் அமைப்பில் ஒரு கிளாக் டிரைவரைத் தேர்வு செய்ய மறந்துவிட்டால், அதை நம்பிய சாதனம் பிழை காட்டாது; வரிசையில் உட்கார்ந்தே இருக்கும். நீண்ட காலம் இதைப் பற்றி லாகில் ஒரு வரிகூட வந்ததில்லை. மறுபக்கம், ஒவ்வொரு முறை ஒத்திவைக்கும்போதும் செய்தி எழுதும் டிரைவர்கள் லாகை நிரப்பி, உண்மையான பிழையை அதில் புதைத்துவிட்டன. காத்திருப்பவர்களை டிபக்எஃப்எஸ்ஸில் பட்டியலிடும் 'டிவைசஸ் டிஃபர்ட்' கோப்பு பின்னால் வந்தது. காத்திருக்கும் காரணத்தை அதிலேயே எழுதிவைக்கும் 'டெவ் எர் ப்ரோப்' ஃபங்ஷன் 2020-இல், 5.9 பதிப்பில்தான் வந்தது. ஒருவர் ஏன் காத்திருக்கிறார் என்று கேட்க எட்டு ஆண்டு ஆயிற்று என்பதை, முறை மோசம் என்பதற்குச் சான்றாகக் காட்ட மாட்டேன். முறை எதைக் கேட்க மறந்தது என்பதற்கு அது சான்று.

அடுத்தது முடிவில்லாத சுழல். ஒரு டிரைவர் தன் ப்ரோப்புக்குள் குழந்தைச் சாதனம் ஒன்றைப் பதிவு செய்துவிட்டு, பிறகு வேறு ஏதோ இல்லை என்று ஒத்திவைப்பைத் திருப்பித் தருகிறது என்று வையுங்கள். குழந்தை வெற்றிகரமாகத் தொடங்கியது. ஆகவே காத்திருப்போரைக் கூப்பிடு. தாய் டிரைவர் மறுபடி வருகிறது. குழந்தையை மறுபடி பதிவு செய்கிறது. கெர்னல் ஆவணமே இதைச் செய்யாதே என்று எச்சரிக்கிறது. எச்சரிக்கிறதே தவிரத் தடுப்பதில்லை. வேண்டியவற்றையெல்லாம் முதலில் கேட்டு வாங்கிவிட்டு, பிறருக்குத் தெரியும்படியான வேலையை அதற்குப் பிறகே தொடங்கு என்பதுதான் இங்கே விதி. டிரைவரைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

உறக்கத்துக்குப் போகும்போது இன்னொரு முடிச்சு. கணினி சஸ்பெண்ட் ஆகும்போது, சாதனங்கள் சேர்ந்த வரிசைக்குத் தலைகீழாக அவற்றை உறங்க வைப்பது வழக்கம். ஒத்திவைப்பு அந்தக் கணக்கைக் குலைத்துவிடுகிறது: முதலில் பதிவான சாதனம் கடைசியில் எழுந்திருக்கலாம். எனவே ஒத்திவைக்கப்பட்ட சாதனத்தை மறுபடி ப்ரோப் செய்யும் முன், மின் மேலாண்மைப் பட்டியலின் கடைசிக்கு அதைத் தள்ளிவிடுகிறார்கள். வேலை செய்கிறது, ஆனால் ஓரிடத்தில் வரிசையைக் கைவிட்டால் இன்னோரிடத்தில் அதைக் கையால் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னவை எரிச்சல்கள். பாதுகாப்பு தொடர்பான ஒரு நிகழ்வு வேறு தரத்தது, அதை மட்டும் நின்று பார்க்க வேண்டும். ஐஎம்ஏ என்பது கெர்னலின் ஒரு பகுதி. இயங்கும் கோப்புகளை அளந்து, அந்த அளவீடுகளை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் பதிப்பது அதன் வேலை. அது தன்னை 'லேட்' படியில், அதாவது ஏழாவது படியில், தொடங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. அந்த நேரத்துக்குள் எல்லா டிரைவரும் எழுந்திருக்கும் என்பது அதன் எண்ணம். மேசைக் கணினியில் அது பெரும்பாலும் சரி. எஸ்பிஐ பஸ்ஸில் டிபிஎம் தொங்கும் சிறிய ஆர்ம் போர்டில் என்ன ஆகும்? எஸ்பிஐ கண்ட்ரோலர் தன் கிளாக்குக்காக ஒத்திவைக்கப்பட்டிருக்கும். ஒத்திவைக்கப்பட்டவர்களை மறுபடி கூப்பிடும் வேலையே ஏழாவது படியில்தான் தொடங்குகிறது. அதே படியில், கட்டும் வரிசையில் பாதுகாப்புக் கோப்புறை டிரைவர்களுக்கு முன்னால் இருப்பதால், ஐஎம்ஏ முந்திக்கொள்கிறது. டிபிஎம் எங்கே என்று பார்க்கிறது. இல்லை. டிபிஎம் சிப் கிடைக்கவில்லை, அதைத் தவிர்த்துவிட்டுத் தொடர்கிறேன் என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறது. கணினி வழக்கம்போல் பூட் ஆகிறது. சற்று நேரத்தில் டிபிஎம்மும் எழுந்துவிடுகிறது, அதற்குரிய சாதனக் கோப்பும் வந்துவிடுகிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எல்லாம் நலம். அளவீடுகள் மட்டும் சிப்பில் பதிவதில்லை.

இதில் எந்த டிரைவர் தவறு செய்தது? எஸ்பிஐ டிரைவர் விதிப்படி ஒத்திவைத்தது. டிபிஎம் டிரைவர் விதிப்படி காத்திருந்தது. ஐஎம்ஏ தன் படியில் ஏறியது. ஆனால் ஐஎம்ஏ ஒரு சாதனம் அல்ல. அதற்கு ப்ரோப் இல்லை. ஆகவே 'அப்புறம் வா' என்று சொல்ல அதற்கு வழியே இல்லை. ஏணிப்படியில் நிற்பவரும் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவரும் சந்திக்கும் இடத்தில் இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. ஒத்திவைப்பு முறையின் மிகப் பெரிய குறை இதுவே என்பது என் கணிப்பு. பாதி வீட்டைப் புதிய முறையிலும் மீதியைப் பழைய முறையிலும் நடத்திவிட்டு, எல்லை எங்கே என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பயன்படாத கிளாக்குகளை ஏழாவது படியின் முடிவில் கெர்னல் அணைக்கும்போது, இன்னும் காத்திருக்கும் டிஸ்பிளே டிரைவரின் கிளாக்கும் சேர்ந்து அணைந்து திரை கறுத்துப்போவதும் இதே வகைதான். ரெகுலேட்டர்களுக்கு அந்தத் துப்புரவு வேலையை 30 விநாடி தள்ளிவைத்தார்கள். முப்பது ஏன், நாற்பது ஏன் இல்லை என்று கேட்டால் பதில் இல்லை.

இந்த இடைவெளியை அடைக்க வந்த முயற்சிகளில் கனமானது எஃப்டபிள்யூ டெவ்லிங்க். 2017-இன் தொடக்கத்தில் வந்த 4.10 பதிப்பிலேயே, தருபவர் யார், பெறுபவர் யார் என்று இரு சாதனங்களுக்கிடையே இணைப்பு எழுதிவைக்கும் வசதி வந்துவிட்டது. அதைக் கையால் எழுதாமல், போர்டின் விவரணையான டிவைஸ் ட்ரீயிலிருந்தே கெர்னல் தானாகப் படித்துக்கொள்ளும்படி செய்தவர் கூகுளின் சரவணா கண்ணன். எந்தச் சாதனம் எந்த கிளாக்கை, ரெகுலேட்டரை, இன்டரப்டைச் சுட்டுகிறது என்பது அங்கே ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறதே. பிறகு எதற்குப் போய்ப் போய் வர வேண்டும்? தருபவர் தயாராகும்வரை பெறுபவரின் ப்ரோப்பையே கூப்பிடாமல் இருந்தால் போதும். பெறுபவர்கள் எல்லோரும் எழுந்த பிறகு தருபவரிடம் தகவல் சொல்லும் 'சிங்க் ஸ்டேட்' அழைப்பும் சேர்ந்தது. முப்பது விநாடி ஊகத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பொறுப்பு கடைசியில் ஓரிடத்துக்கு வந்தது: போர்டை விவரித்தவரிடம். ஆனால் டிவைஸ் ட்ரீ எழுதியவர்கள் யாரும் அதைத் தொடக்க வரிசை என்று நினைத்து எழுதவில்லை. இணைப்புகளை எழுதினார்கள், அவற்றில் எது கட்டாயம், எது இருந்தால் நல்லது என்று பிரிக்கவில்லை. டிஎம்ஏ இல்லாமலும் ஓடக்கூடிய சீரியல் போர்ட், டிஎம்ஏ டிரைவர் வரவில்லை என்று காத்திருக்கத் தொடங்கியது. வட்டங்களும் வெளிப்பட்டன. குவால்காம் சிப்களில் யுஎஸ்பிக்கான பிஎச்ஒய் தொகுதி தன் கிளாக்கை மைய கிளாக் கண்ட்ரோலரிடம் பெறுகிறது. அதே பிஎச்ஒய் உண்டாக்கும் ஒரு கிளாக் மறுபடி கண்ட்ரோலருக்குள் போகிறது. வன்பொருளில் இது இயல்பானது, வரிசையாகப் படித்தால் முடிச்சு. 2021-இல் இந்த முறையை இயல்புநிலையாக்கினார்கள். பல போர்டுகள் பூட் ஆகாமல் போகவே திரும்பப் பெற்றார்கள். திருத்தங்களுக்குப் பின் 5.13 பதிப்பில் மீண்டும் வந்தது. திரும்பப் பெற்றதைத் திரும்பப் பெறுகிறோம் என்றே அந்த மாற்றத்தின் தலைப்பு இருக்கிறது. வட்டத்தில் எந்த இணைப்பு தொடக்கத்துக்குத் தேவையில்லை என்று போர்டு எழுதுபவரே குறிக்கும் பண்பு ஒன்று 2024-இல் சேர்ந்தது. நேர்மையான தீர்வு அதுதான். ஊகிக்க முடியாததை, தெரிந்தவர் எழுதிவைக்க வேண்டும்.

இத்தனை ஏற்பாடும் சாதனங்களுக்கு இடையே உள்ள வரிசைக்குத்தான். ஒரு டிரைவரின் ப்ரோப்புக்குள் வரிசை தவறினால் மேலே சொன்ன எதுவும் உதவாது, அந்தப் பிழைகள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பது என் எண்ணம். இன்டரப்டைப் பதிவு செய்துவிட்டு அதைக் கையாளும் தரவுக் கட்டமைப்பைப் பிறகு நிரப்புவது எல்லோருக்கும் தெரிந்த தவறு. வழக்கமான பூட்டில் அது வெளியே தெரியாது. சாதனம் அப்போதுதான் எழுந்திருக்கிறது, இன்டரப்ட் எதுவும் நிலுவையில் இல்லை. கெர்னல் நொறுங்கி, கேடம்ப் மூலம் இரண்டாவது கெர்னல் எழும்போதுதான் வெடிக்கும். அப்போது யாரும் சாதனத்தை ரீசெட் செய்திருக்கவில்லை. பதிவு செய்த கணமே நிலுவை இன்டரப்ட் வந்து விழுகிறது. நெட்வொர்க் டிரைவரிலும் அதே கதை: பதிவு முடிந்த அடுத்த நொடி யாரோ அந்த இடைமுகத்தைத் திறந்துவிடலாம். எனவே பதிவு செய்வது கடைசி வேலையாக இருக்க வேண்டும்.

காத்திருப்பு நேரங்களிலும் இரண்டு வகை உண்டு. பிசிஐஇ கார்டுக்கு மின்சாரம் நிலைபெற்றபின் ரீசெட்டை விடுவிக்கும் முன் 100 மில்லி விநாடி காத்திரு என்று விவரக்குறிப்பு சொல்கிறது. அதை அப்படியே எழுதலாம், எழுத வேண்டும். '50 போட்டேன், வேலை செய்தது' என்ற வகைத் தாமதம் வேறு. அது வரிசைப் பிழையை மூடி மறைக்கும் துணி. வெயில் காலத்தில் ஒருநாள் கிழியும். பேட்சில் ஒரு தாமதத்தைக் கண்டால், எண்ணுக்குப் பக்கத்தில் அது எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

சரி, எதை ஏற்பது, எதை விடுவது? படியை மாற்றும் ஒரு சொல் பேட்சை இனி திருத்தமாக ஏற்கக் கூடாது. பழைய டிரைவர்களில் இருப்பதைக் காரணமின்றி அகற்றவும் வேண்டாம், அவற்றை நம்பி எத்தனை போர்டுகள் ஓடுகின்றனவோ. ஒத்திவைப்பு கீழே விரித்த வலையாக இருக்கட்டும். அதையே பாதையாக நம்பி டிரைவர் எழுதக் கூடாது. பாதை டிவைஸ் ட்ரீயில் இருக்க வேண்டும், அதை எழுதுபவர் தொடக்க வரிசைக்கும் தாம்தான் பொறுப்பு என்று அறிந்து எழுத வேண்டும்.

டிரைவரை அனுப்பும் முன் சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். மாட்யூலாகக் கட்டி, அது நம்பியிருக்கும் மாட்யூல்களுக்கு முன்பே அதை ஏற்றிப் பாருங்கள். பூட்டின்போதே ஒவ்வொரு டிரைவரையும் ஒருமுறை கழற்றி மாட்டும் 'டெஸ்ட் டிரைவர் ரிமூவ்' அமைப்பை இயக்கிப் பாருங்கள். பூட் முடிந்ததும் 'டிவைசஸ் டிஃபர்ட்' கோப்பைத் திறந்து, அது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இல்லாவிட்டால் உங்கள் வேலை இன்னும் முடியவில்லை.